வத்தல் கிட்டங்கியில் ஒரு வீடு

எங்கள் தெருவில் ஜன்னல் கிடையாது. விருதுநகர் பஜாரிலிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் கிட்டங்கிகள்தான். சரக்கு மூட்டைகளை அடுக்கி வைப்பதற்கென்றே கட்டிய கட்டடங்கள். இப்போதெல்லாம் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வருகிறார்கள். "என்ன சுவர்! என்ன கதவு! இந்தக் காலத்தில் இப்படிக் கட்ட முடியுமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு அலுப்பாக இருக்கிறது. அந்தச் சுவருக்குள் நான் குடும்பம் நடத்திப் பார்த்தவன். மகனும் மருமகளும் பேரப்பிள்ளையும் எங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையில், எங்கள் கிட்டங்கியை நான் வீடாக்கினேன். அதில் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. ஊர் விருதுப்பட்டியாக இருந்த காலத்தில், ரயில் வந்து கூட்ஸ் ஷெட்டும் வந்த பிறகு எழுந்த தெரு இது. சாத்தூர்ப் பக்கம், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வண்டி வண்டியாகச் சரக்கு வரும். அதை வாங்கி இருப்பு வைத்து, விலை ஏறும்போது ரயிலில் ஏற்றுவார்கள். தெருவில் எல்லாச் சாதிக்காரர்களும் யாவாரம் செய்தார்கள். எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்களும் சில இருந்தன. எங்கள் கிட்டங்கி என் தாத்தா கட்டியது.

தரை, மாட்டுவண்டியின் தட்டு எந்த உயரமோ அந்த உயரம். வண்டியைப் பின்பக்கமாக வாசலில் கொண்டுவந்து ஒட்டினால் மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை, இழுத்தால் உள்ளே வந்துவிடும். அவ்வளவு யோசனையாகக் கட்டினார்கள். பிறகு வந்த முனிசிபாலிட்டிக்காரர்கள் பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே தாரை ஊற்றி ஊற்றி, ரோடு ஏறிக்கொண்டே போனது. நான் சின்ன வயதில் ஏறி இறங்கிய படிகளில் பாதி இப்போது ரோட்டுக்குள் கிடக்கிறது. லாரி வந்து நின்றால் அதன் தட்டு வாசலில் நிற்கிற ஆளின் இடுப்புக்கு வருகிறது.

சுவர் இரண்டு முழ கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்தார்களாம். மேலே பர்மாத் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து இறுக்கிய கட்டைக்குத்துக் கூரை. தரைக்குக் கல் பாவியிருக்கும். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. கூரைக்குச் சற்றுக் கீழே சூடு போவதற்கு உள்ளங்கை அகல ஓட்டைகள். அவ்வளவுதான். வெளிச்சம் பட்டால் மிளகாய் வத்தல் சிவப்பு போய் வெளுத்துவிடும், ஈரம் பட்டால் பூசணம் பூத்துவிடும். வத்தலுக்கு நிறம்தான் விலை. ஆகவே வெளிச்சமும் வரக் கூடாது, தண்ணீரும் வரக் கூடாது, காற்றும் சும்மா வந்து போகக் கூடாது. வத்தலுக்குச் சௌகரியமாக என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது.

ஒவ்வொரு கிட்டங்கிக்கும் ஒரு சரக்கு என்று இருந்தது. எதிரே கொத்தமல்லி வைக்கும் மல்லிக் கிட்டங்கி, அதையடுத்து உளுந்துக் கிட்டங்கி, மூலையில் எள். எங்களுடையது வத்தல். மற்றதில் சரக்கு மாறலாம், இன்றைக்கு உளுந்து, நாளைக்குத் துவரை. வத்தல் ஏறின கிட்டங்கியில் மட்டும் வேறு சரக்கு ஏற்ற மாட்டார்கள். சீனி மூட்டையை ஒரு ராத்திரி போட்டுவைக்கக் கேட்டால்கூட என் அத்தா கையெடுத்துக் கும்பிட்டு, "வேற இடம் பாருங்க, இங்கன வச்சா உங்க சீனிய எறும்புகூடத் தொடாது" என்று அனுப்பிவிடுவார். இது தெருவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வத்தல் யாவாரி தும்மக் கூடாது. மூட்டையைக் குத்திக் கை நிறைய வத்தலை அள்ளி, நொறுக்கி, விதையை உதறி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்போம். விற்க வந்தவன் நம் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பான். தும்மினால் ஆள் புதுசு என்று தெரிந்துபோகும், விலையை ஏற்றிவிடுவான். காம்பு கிள்ள வரும் பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வார்கள், நாங்கள் கட்டமாட்டோம். அது எங்களுக்கு ஒரு கௌரவம். நான் கடைக்கு வந்த புதிதில் ஒரு தும்மல் போட்டதற்குச் சுற்றியிருந்தவர்கள் பல நாள் என்னைப் பார்த்தால் மூக்கைத் தடவிக் காட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் தும்மியதாக நினைவில்லை.

தெரு எப்படி ஓய்ந்தது என்பதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பகலில் லாரி உள்ளே வரக் கூடாது என்றார்கள். நாலுவழிச் சாலையோரம் குளிர்பதனக் கிட்டங்கிகள் வந்தன. அங்கே வைத்த வத்தல் ஒரு வருடம் கழித்தும் நேற்றுப் பறித்த மாதிரி இருக்கிறது. நானே என் கைச்சரக்கை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, தரகுக்கு மட்டும் தினமும் போய்வர ஆரம்பித்தேன். எங்கள் கிட்டங்கியில் கொஞ்ச காலம் சிவகாசிக் கம்பெனி ஒன்று காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டுவைத்திருந்தது. பிறகு அதுவும் போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றோம். அவர்கள் பணமாக எடுத்துக்கொண்டார்கள், நான் கிட்டங்கியை எடுத்துக்கொண்டேன். மகனுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் சிவகாசிப் பெண், அவள் அத்தாவும் சின்ன அச்சகம் வைத்திருப்பவர். தினமும் பஸ்ஸில் போய்வருவதற்குப் பதிலாக அங்கேயே ஒரு வீடு பார்க்கலாமா என்று மகன் பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொன்னான். என் மனைவி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"போனா போனதுதாங்க. பெறகு பெருநாளைக்குத்தான் பிள்ளையப் பார்ப்போம்" என்றாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் பயம்தான். கிட்டங்கியை வீடாக்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டியிருந்த நேரம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர் காரை உரிக்கும் வேலைக்கு வந்தார்கள். சீசனில் இருவரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். முதல்நாள் உளியை வைத்ததுமே அந்தப் பெண் தெருவுக்கு ஓடிவந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"பட்டாசு மருந்துக்குள்ளயே கெடந்தவ பாய் நான். இந்த நெடி முடியலையே!"

நாங்கள் சிரித்தோம். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மேல்காரையை மட்டும் உரித்துப் பூசி, பெயிண்ட் அடித்து, பாவு கல்லின் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். பின்பக்கச் சுவரில் நாலு ஜன்னல் வெட்டினோம். அந்தச் சுவரில் ஜன்னல் வெட்டியது தனிக்கதை. கொத்தனார் தினம் ஒரு உளியை மழுங்கடித்துவிட்டு, "இது செவுரா, மலையா பாய்?" என்று என்னைக் கோபித்துக்கொள்வார், நான்தான் கட்டினேன் என்பதுபோல.

வேலை முடிந்ததும் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "நெடி ஏதும் தெரியுதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கவும் செய்தேன். அண்ணனைக் கேட்டேன், தம்பியைக் கேட்டேன், மல்லிக் கிட்டங்கிக்காரரைக் கேட்டேன். எல்லோரும் மூக்கை விரித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்கன? ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். பொய் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லைதான். இரண்டு மூன்று தலைமுறையாக வத்தல் தூசியைச் சுவாசித்த மூக்குகளைக் கூட்டிவைத்து யோசனை கேட்டிருக்கிறேன். அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குடிபுகுந்த அன்று பிரியாணி போட்டேன். சம்பந்தி சிவகாசியிலிருந்து வந்தார். உள்ளே வந்து உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தவருக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. மகள் வாழப்போகும் வீட்டைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து, நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். பிரியாணியையும் வாசலில் வைத்தே சாப்பிட்டார்.

மருமகள் வந்த புதிதில் அடுத்தடுத்துத் தும்முவாள். என் மனைவி அவளுக்குச் சுக்குத் தட்டிப்போட்டுக் காப்பி கொடுப்பாள்.

"பழகிரும்மா. நானும் கட்டி வந்த புதுசுல உங்க மாமா சட்டையத் தொவைக்கையில இப்படித்தான் கெடந்தேன். ஒரு மழைக்காலம் போனா சரியாப் போயிரும்."

அவளும் கொஞ்ச நாளில், "பழகிருச்சு மாமி" என்றாள். எங்களுக்குச் சந்தோஷம். காய் நறுக்குவது, துணி மடிப்பது, போன் பேசுவது எல்லாவற்றையும் அவள் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். வெயில் கொளுத்தும் பங்குனியிலும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பாள். சிவகாசிக்காரி, வெயிலுக்குப் பயப்படமாட்டாள் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். பெண் குழந்தை. நாற்பது நாள் கழித்துக் கூட்டிவந்தோம். என் மனைவி உத்தரத்து வளையத்தில் புதுச்சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தாள். ஒரு காலத்தில் தராசு தொங்கிய வளையம் அது. பிள்ளை அதில் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. பிறகு இருமத் தொடங்கியது.

பெரியவர்களுக்காக மருமகள் அடக்கிக்கொண்டாள். குழந்தைக்கு யார் மனசும் தெரியாது. இருமி இருமி முகம் கருத்து, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூக்கில் குழாய் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், சரியானது. வீட்டுக்கு வந்தோம், மறுபடியும் வந்தது. தாய் வீட்டுக்கு அனுப்பினால் நன்றாக இருக்கும், இங்கே கொண்டுவந்தால் இழுக்கும். அப்படிச் சில மாதம் அலைந்தோம். ஒருநாள் டாக்டர் என் பக்கம் திரும்பி, நான் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். வீடு எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"கிட்டங்கிக்குள்ளயா பிள்ளைய வச்சிருக்கீங்க?"

வெளியே வந்ததும் என் மனைவி கொதித்தாள். "அவருக்கு என்ன தெரியும்? நம்ம வீட்ல நாம பிள்ள வளர்க்கலையா?" என்றாள். நாம் வளர்த்தது பழைய வீட்டில், அங்கே முற்றம் இருந்தது, ஏழெட்டு ஜன்னல் இருந்தது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். என் மனதில் சீனி மூட்டை வந்து நின்றது. ஒரு ராத்திரிகூடச் சீனியை வைக்கக் கூடாது என்று தெரிந்த நான், பச்சைப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சரக்குக்குப் பார்த்ததைப் பிள்ளைக்குப் பார்க்கவில்லை.

அதோடு விட்டேனா? இல்லை. பிள்ளையையும் தாயையும் சிவகாசிக்கு அனுப்பிவிட்டு வீட்டைச் சரிசெய்துவிடுவேன் என்று இறங்கினேன். டைல்ஸைப் பெயர்த்து, பாவு கல்லையும் நெம்பி எடுத்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு போன இடமெல்லாம் வத்தல் விதை இறுகிக் கிடந்தது. உத்தரம் சொருகிய ஓட்டைகளில் விரலை விட்டால் சிவப்பாக வந்தது. குழாய் போட்டுச் சுவரைக் கழுவினோம். தண்ணீர் செங்காமட்டை நிறத்தில் சிவப்பாகப் படியிறங்கி ரோட்டில் ஓடியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். எதிர்க் கிட்டங்கிக்காரர் மட்டும் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தார்.

கொத்தனார் சாரத்தில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"பாய், மனசு விட்டுச் சொல்லுதேன். காரையில இருந்தா உரிச்சுரலாம். இது செங்கல்லு வரைக்கும் ஏறியிருக்கு. எல்லாத்தையும் எடுக்கணும்னா வெறும் மனைதான் மிஞ்சும்."

இடித்துக் கட்ட என்னிடம் வகையில்லை. வகை இருந்திருந்தாலும் அந்த வயதில் இன்னொரு முறை சிமெண்டு, மணல், ஆள் என்று அலைய உடம்பு கேட்டிருக்காது. அன்று சாரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, பெயர்த்துப் போட்ட கல்லின் மேல் உட்கார்ந்தேன். அவ்வளவு அசதி எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அழக்கூட முடியாத அசதி.

மறுநாள் சிவகாசிக்குப் போனேன். மருமகள் டீ கொண்டுவந்தாள். நான் கேட்டேன், "உனக்குப் பழகிருச்சுன்னு சொன்னியேம்மா?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களும் மாமியும் அம்புட்டு ஆசையாக் கட்டுன வீடு மாமா. நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா உங்க மகனப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போக வழி பாக்குறான்னு நினைப்பீக."

நினைத்துத்தான் இருப்போம். மகனைக் கூப்பிட்டு, "ஏலே, இங்கனயே ஒரு நல்ல வீடாப் பாரு. ஜன்னல் நெறைய இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தான் போல, அடுத்த வாரமே போய்விட்டார்கள். ஆனைக்குட்டம் போகிற வழியில் மாடி வீடு, நல்ல காற்று. பிள்ளைக்கு மூச்சிரைப்பு வருவது குறைந்தது. என் மனைவி இப்போது பாதி நாள் அங்கேதான். போனதும் குளித்து, அங்கேயே வைத்திருக்கும் சேலையைக் கட்டிக்கொள்கிறாள். அவளைப் பிள்ளை தாங்கிக்கொள்கிறது.

நான் கிட்டங்கியில் இருக்கிறேன். வேறு எங்கே போக? காலையில் நாலுவழிச் சாலைக்குப் போய் வத்தல் நொறுக்கிப் பார்க்கிறேன். தரகு முடித்து வந்து, கல் பெயர்ந்த கூடத்தை ஒதுக்கிவிட்டு உள்ளறையில் படுக்கிறேன். படம் எடுக்க வருகிறவர்கள் உள்ளே வரலாமா என்று கேட்டால், வாருங்கள் என்று கதவைத் திறந்துவிடுகிறேன். பத்து நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

மகன் வீட்டுக்கு முதல்முறை போனபோது நன்றாகத் தேய்த்துக் குளித்து, சலவைச் சட்டை போட்டு, அத்தர் வேறு பூசிக்கொண்டு போனேன். பேத்தி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து காலைப் பிடித்தாள். தூக்கினேன். என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தவள், அப்படியே தும்மினாள். பிறகு நிற்கவில்லை. கண் சிவந்து, இருமல் ஏறி, மறுபடியும் அந்த விசில். மருமகள் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடி முகத்தைக் கழுவி மருந்துக் கருவியை வைத்தாள். மகன் மெதுவாக, "ஒருக்கா இழுப்பு வந்த பிள்ளைக்குச் சின்னத் தூசி போதும்னு டாக்டர் சொன்னாரு அத்தா" என்றான்.

அடுத்த முறை அவன் வீட்டிலேயே குளித்தேன். அவன் கைலியைக் கட்டிக்கொண்டேன். எலுமிச்சை தேய்த்து நகக்கண்ணையெல்லாம் கழுவினேன். அப்படியும் தூக்கிய கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைக் கசக்கியது. என் கையில் ஏறியிருப்பது எத்தனை வருடத்து வத்தல்! சோப்பு அதை என்ன செய்யும்? யாவாரத்தை விட்டுவிடுங்கள் என்று என் மனைவி சொல்கிறாள். இந்த வயதில் வேறு என்ன தெரியும் எனக்கு?

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போயிருந்தேன். படியேறும்போதே மருமகள் மாடி வராந்தாவில் ஒரு சேர் போட்டு வைத்திருந்தாள், காற்று வீட்டுக்குள் போகாமல் வெளியே போகிற பக்கம் பார்த்து.

"வாங்க மாமா. சாப்பிட்டீகளா? அங்கனயே உக்காருங்க. நான் பிள்ளையக் கொண்டாந்து காட்டுறேன்."

குரலில் ஒரு குறையும் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். பேத்திக்கு என்னைத் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டி என்னிடம் வரத் துள்ளினாள். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.